தொட்டிக்குள் ஒரு குட்டை

பழைய பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் எந்தக் கடற்கரையில் இருந்தாலும் ஒரே புகாரைத்தான் சொல்வார்கள். துறைக்குள் கட்டிக் கிடக்கும்போது எஞ்சின் மணிக்கணக்கில் ஓடும். வெளியே அலை எழும்பி, காற்று கரையை நோக்கித் தள்ளும் நாளில், பாயை இறக்கிவிட்டு எஞ்சினை நம்பி முகத்துவாரத்துக்குள் நுழையும்போது மட்டும் வேகம் மெல்லக் குறையும், இரண்டு முறை இருமும், நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். மெக்கானிக்கிடம் காட்டினால் அவர் முன்னால் அது நிற்கவே நிற்காது. பழி எஞ்சின்மேல் விழும். பெரும்பாலும் எஞ்சின் நிரபராதி.

கோளாறு தொட்டியின் அடியில் இருக்கிறது. தொட்டியின் மேல்தகட்டிலிருந்து அடிவரை இறங்கும் ஓர் உறிஞ்சு குழாய் வழியாகத்தான் எஞ்சினுக்கு டீசல் போகிறது. 1970களிலும் 80களிலும் கட்டப்பட்ட பல படகுகளில் இந்தக் குழாயின் நுனியில் மெல்லிய கம்பிவலை ஒன்று இருக்கும். குப்பை மேலே வரக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத, கைக்கு எட்டாத இடத்தில் ஒரு வடிகட்டியை வைத்தவர் அதை யார் கழுவுவார் என்று யோசிக்கவில்லை. படகு அசையாமல் இருக்கும்வரை கசடு அடியில் படிந்து கிடக்கும். குழாய் தெளிந்த டீசலை உறிஞ்சும். படகு உருள உருள, கசடு கலங்கி எழும்பி, இழுப்பின் வேகத்தில் வலைமேல் போய் அப்பிக்கொள்ளும். எஞ்சின் பட்டினியில் நிற்கும். நின்றதும் இழுப்பு போய்விடுகிறது. அப்பியது உதிர்ந்து விழுகிறது. பத்து நிமிடத்தில் எஞ்சின் உயிர்த்தெழும் மாயம் இவ்வளவுதான்.

அந்தக் கசடு எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி. விற்கும்போது டீசல் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கிறது. மூடிய தொட்டிக்குள் யாரும் மண் அள்ளிப் போடவில்லை. இருந்தும் இருபது, முப்பது ஆண்டுகள் திறக்காத ஒரு தொட்டியைத் திறந்தால், அடியில் விரற்கடை உயரத்துக்குக் கறுப்புச் சேறு இருப்பது சகஜம்.

நம் பக்கத்தில் டீசல் படகு என்றால் விசைப்படகுதான் நினைவுக்கு வரும். மீன் பிடிக்கப் போகும் அந்தப் படகில் டீசலுக்குத் தொட்டியில் ஊறிக் கிடக்க அவகாசமே கிடையாது; ஊற்றிய சூட்டில் எரிந்து தீர்ந்துவிடும். பொழுதுபோக்குப் பாய்மரப் படகின் கதை நேர்மாறு. அமெரிக்கக் கிழக்குக் கரையில் செசபீக் விரிகுடாவை எடுத்துக்கொள்வோம். அங்கே முப்பது, முப்பத்தைந்து அடி நீளமுள்ள பழைய கண்ணாடியிழைப் படகுகள் ஏராளம். அப்படிப்பட்ட ஒன்றில் 150 லிட்டர் தொட்டி, 30 குதிரைத்திறன் எஞ்சின் என்று வைத்துக்கொண்டால், நிதானமான ஓட்டத்தில் மணிக்கு இரண்டு மூன்று லிட்டர்தான் செலவாகும். அந்த எஞ்சினும் துறையை விட்டு வெளியே வர அரை மணி, திரும்ப உள்ளே போக அரை மணி என்றுதான் ஓடும். மற்ற நேரமெல்லாம் காற்று இலவசம். குளிர்காலம் வந்தால் படகைக் கரையேற்றி மாதக்கணக்கில் மூடிவைத்துவிடுவார்கள். போன கோடையில் ஊற்றிய டீசல்மேல் இந்தக் கோடையின் டீசல், அதன்மேல் அடுத்த ஆண்டினுடையது. சிக்கனமாக எஞ்சின் ஓட்டும் நல்ல மாலுமியின் தொட்டிதான் மிக மோசமாக இருக்கும். டீசலை ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருடம் நல்ல நிலையில் வைத்திருக்கலாம் என்பது பொதுக் கணக்கு. இங்கே அடியில் கிடக்கும் பங்குக்கு வயது என்ன என்று யாராலும் சொல்ல முடியாது.

காலம் மட்டும் கசடை உண்டாக்காது. அதற்குத் தண்ணீர் வேண்டும். டீசலின் அடர்த்தி லிட்டருக்கு 0.82 முதல் 0.85 கிலோ, தண்ணீர் அதைவிடக் கனம். ஆகவே தொட்டிக்குள் நுழையும் ஒவ்வொரு துளியும் கடைசியில் அடிக்குப் போய், அங்கே ஒரு சிறு குட்டையாகத் தேங்குகிறது.

தண்ணீர் எப்படி நுழைகிறது என்று கேட்டால் படகுக்காரர்களிடம் ஆயத்தமாக ஒரு பதில் இருக்கும்: பகல் வெயிலில் தொட்டியின் காற்று விரிந்து வெளியேறுகிறது, இரவில் குளிர்ந்து ஈரக்காற்றை உள்ளே இழுக்கிறது, ஈரம் சுவரில் பனித்து வழிகிறது. அதனால்தான் குளிர்காலத்தில் தொட்டியை நிரப்பி வைக்க வேண்டும் என்பார்கள். இதில் இயற்பியல் தவறு ஏதுமில்லை. அளவில்தான் கோளாறு. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

தொட்டியில் 100 லிட்டர் காற்று இருக்கிறது. பகலில் 35 டிகிரி, இரவில் 25 டிகிரி செல்சியஸ். பத்து டிகிரி குளிரும்போது காற்று ஏறக்குறைய மூன்று சதவீதம் சுருங்கும்; வெளியிலிருந்து சுமார் 3 லிட்டர் காற்று உள்ளே வரும். 25 டிகிரியில் ஈரம் முழுவதும் நிறைந்த காற்றில் கனமீட்டருக்கு 23 கிராம் நீராவிதான் இருக்க முடியும். அப்படியானால் 3 லிட்டரில் 0.07 கிராம். அது அத்தனையும் தண்ணீராக மாறி அடியில் சேர்கிறது, மறுநாள் ஒரு துளிகூட ஆவியாகி வெளியேறவில்லை என்று மிக மோசமாகவே வைத்துக்கொண்டாலும், வருடம் முழுவதும் சேர்ந்து 25 கிராம் சொச்சம். இரண்டு மேசைக்கரண்டிக்குக் கூட வராது. உண்மையில் அதில் ஒரு சிறு பங்குதான் தங்கும்.

லிட்டர் கணக்கில் தொட்டியடியில் தண்ணீர் இருக்கிறதென்றால் அது காற்றிலிருந்து வந்ததல்ல, ஓட்டை வழியாக வந்தது. முதல் குற்றவாளி மேல்தளத்தில் பதித்திருக்கும் டீசல் ஊற்றும் வாயின் மூடி. அதிலுள்ள ரப்பர் ஓ-ரிங் சில ரூபாய்ப் பொருள். வெயிலில் வெடித்துப்போய்ப் பல வருடமாகியும் யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். மழைநீரும் அலைநீரும் அந்தக் குழிவில் தேங்கி ஒழுகி இறங்கும். இரண்டாவது, தொட்டியின் காற்றுக்குழாய். பல படகுகளில் அதன் வாய் பக்கச்சுவரில் தாழ்வாக இருக்கும். படகு பாயின் சாய்வில் ஓடும்போது அந்தப் பக்கம் கடலில் முங்கும். தொட்டியை நிரப்பி வைக்கும் பழக்கத்தால் கெடுதல் இல்லை என்று சொல்லிவிட முடியாது: 0.07 கிராமுக்குப் பயந்து 150 லிட்டர் டீசலை இன்னொரு குளிர்காலம் முழுக்கக் கிழடாக்குகிறோம். என்னைக் கேட்டால் முதலில் ஓ-ரிங்கை மாற்றச் சொல்வேன்.

உள்ளே வந்த தண்ணீர் மழைநீரா கடல்நீரா என்பதிலும் விஷயம் இருக்கிறது. அதற்கு அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும்.

படகுத்துறைகளில் இந்தச் சேற்றைப் பாசி என்று சொல்வது வழக்கம். பாசிக்கு வெளிச்சம் வேண்டும். டீசல் தொட்டி கும்மிருட்டு. அங்கே வாழ்பவை பாக்டீரியா, ஈஸ்ட், பூஞ்சை. இவற்றில் பெயர்பெற்றது ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை. இப்போது அமார்ஃபோதீகா ரெசினே என்கிறார்கள். மரத்துக்குப் பூசும் கிரியோசோட் எண்ணெயில் வளர்வதால் கிரியோசோட் பூஞ்சை என்றும், பிறகு மண்ணெண்ணெய்ப் பூஞ்சை என்றும் அதற்குப் பட்டப்பெயர்கள் உண்டு. பெட்ரோலிய வகைகளை உயிர்கள் தின்னும் என்பது புதிய செய்தியல்ல. ஜப்பானியத் தாவரவியலாளர் மனாபு மியோஷி பாரஃபினை ஒரு பூஞ்சை பயன்படுத்திக்கொள்வதை 1895-இலேயே பதிவு செய்தார். கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தைச் சேர்ந்த கிளாட் சோபெல் 1946-இல் நுண்ணுயிர்கள் ஹைட்ரோகார்பன்களை என்ன செய்கின்றன என்று விரிவான ஆய்வுத் தொகுப்பே எழுதினார். இருந்தும் பொறியாளர்கள் இதைக் காதில் போட்டுக்கொண்டது, ஜெட் விமானங்களின் இறக்கைக்குள் இருக்கும் அலுமினியத் தொட்டிகளைப் பூஞ்சை அரிக்கத் தொடங்கிய பிறகுதான்.

டீசல் என்பது கார்பன் அணுக்கள் சங்கிலியாகக் கோத்த மூலக்கூறுகளின் கலவை. ஒரு சங்கிலிக்குப் பத்து முதல் இருபதுக்கு மேல் கார்பன்கள். நுண்ணுயிரின் நொதி சங்கிலியின் நுனியில் ஓர் ஆக்சிஜன் அணுவைச் செருகுகிறது. அதோடு அது ஆல்கஹால் ஆகிவிட்டது. அடுத்த படிகளில் கொழுப்பு அமிலம். கொழுப்பு அமிலத்தை உடைத்துச் சாப்பிட உயிர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, நம் உடலும் அதையேதான் செய்கிறது. இந்த விருந்தில் ஒரு வேடிக்கை உண்டு. சங்கிலியின் ஒரு கண்ணி, அதாவது ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும், முழுதாக எரிந்தால் ஒரு மூலக்கூறு தண்ணீர் பிறக்கிறது. எடையில் சொன்னால் 14 கிராம் டீசலுக்கு 18 கிராம் தண்ணீர். குடியேறுவதற்கு மட்டும்தான் இவற்றுக்கு நம் ஓட்டை மூடி வேண்டும். அதன்பிறகு தங்கள் குட்டையைத் தாங்களே பெருக்கிக்கொள்ளும்.

தண்ணீருக்குள் உயிர், டீசலில் சாப்பாடு. ஆகவே இரண்டும் சந்திக்கும் எல்லையில்தான் கூட்டம். ஆறிய பாலின் ஆடைபோல ஒரு சவ்வு அங்கே உருவாகும். தொட்டியின் சுவரிலும் மூலைகளிலும் அதே சவ்வு வழுவழுப்பாகப் பற்றிப் படரும்; தாங்கள் சுரக்கும் பிசினுக்குள்ளேயே நுண்ணுயிர்கள் புதைந்து வாழும் இதை உயிர்ப்படலம் என்கிறார்கள். சோப்பைப் போல வேலை செய்யும் பொருட்களையும் இவை சுரக்கின்றன. அவை தண்ணீரைப் பொடித்துளிகளாக டீசலுக்குள் கலக்கிவிடுகின்றன. படலத்தின் மேலடுக்கு ஆக்சிஜன் முழுவதையும் தின்று தீர்ப்பதால், அடியில் ஆக்சிஜனே இல்லாத ஓர் உலகம் உருவாகிறது. அங்கே சல்ஃபேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்களுக்கு வாழ்வு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் சல்ஃபேட் இருக்கிறது. மழைநீரில் அநேகமாக இல்லை. கடல்நீர் இறங்கிய தொட்டியைத் திறக்கும்போது அழுகிய முட்டை வாடை வருவது இதனால்தான். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. உலோகத்துக்கும் ஆகாது, மூக்குக்கும் ஆகாது. கரிம அமிலம், சல்ஃபைடு, குளோரைடு மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் அலுமினியத் தகட்டின் அடியில் ஊசித்துளைகள் விழுவதற்கு அதிக வருடம் ஆகாது.

ஆனால் கறுப்பாக இருப்பதெல்லாம் உயிரல்ல. சுத்திகரிப்பு ஆலையில் கனமான எண்ணெய்களை உடைத்துப் பெறும் பாகங்களும் டீசலில் கலந்திருக்கும். அவற்றில் நிறைவுறாத மூலக்கூறுகளும் நைட்ரஜன் சேர்ந்தவையும் உண்டு. அவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்ல வினைபுரிந்து, ஒன்றோடொன்று பிணைந்து, பிசினாகவும் கரிய துகள்களாகவும் பிரிந்து விழுகின்றன. செம்பு இந்த வினையைத் துரிதப்படுத்தும். அதனால்தான் டீசல் தொட்டியில் செம்பு கூடாது என்பது பழைய விதி. சாம்பிளில் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தால் ஓரளவு ஊகிக்கலாம்: சளிபோல இழுபட்டால் உயிர்ப்படலம், தார்போல ஒட்டினால் பிசின். பழைய தொட்டிகளில் இரண்டும் கலந்தே இருக்கும் என்பதால், இந்தப் பரிசோதனையின் முடிவு வேலையைக் குறைக்கப்போவதில்லை.

எரிபொருளும் மாறிவிட்டது. கந்தகத்தின் அளவு அமெரிக்காவில் 2006 முதல் பத்து லட்சத்தில் 15 பங்கு, ஐரோப்பாவில் 2009 முதல் 10 பங்கு என்று குறைக்கப்பட்டது. நுரையீரல்களுக்கு நல்லது. கூடவே தாவர எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் ஐரோப்பிய டீசலில் 7 சதவீதம் வரை, அமெரிக்க டீசலில் 5 சதவீதம் வரை கலக்க அனுமதி வந்தது. 1900-இல் பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது என்பதால், எஞ்சினுக்கு இது அன்னிய உணவல்ல. தொட்டிக்குத்தான் தொல்லை. பயோடீசல் சாதாரண டீசலைவிட அதிகத் தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும், நுண்ணுயிருக்குச் சுலபமாகச் செரிக்கும், போதாக்குறைக்கு நல்ல கரைப்பான். சுவரில் முப்பது வருடமாகச் சமர்த்தாக ஒட்டியிருந்த பிசினைப் பெயர்த்து வடிகட்டிக்கு அனுப்பிவைக்கும்.

இவ்வளவு தெரிந்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மருந்து ஊற்றிக் கொன்றுவிடலாம் என்பது. கடைகளில் புட்டி புட்டியாகக் கிடைக்கிறது. நுண்ணுயிர்க்கொல்லிகள் உண்மையிலேயே கொல்கின்றன. ஆனால் செத்த பூஞ்சையும் பூஞ்சைதான். சுவரில் ஒட்டியிருந்தது உயிர்விட்டு, பிடி தளர்ந்து, மொத்தமாக டீசலில் மிதக்கும். மருந்து ஊற்றிய அடுத்த பயணத்தில் வடிகட்டி இருமடங்கு வேகத்தில் அடைபடுவது இதனால்தான். அளவு தப்பினால் வரும் வினையும் சிறியதல்ல. 2020 பிப்ரவரி 26 அன்று லண்டன் கேட்விக் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய ஓர் ஏர்பஸ் ஏ321 விமானத்தில், தரையிலிருந்து எழும்பியதுமே ஓர் எஞ்சின் திணறியது. அதைச் சமாளித்துத் திரும்பிக்கொண்டிருக்கும்போதே மற்ற எஞ்சினிலும் கோளாறு தெரிந்தது. பத்திரமாகத்தான் இறங்கினார்கள். விசாரணையில் வெளிவந்த காரணம்: பராமரிப்பின்போது எரிபொருளில் கலந்த நுண்ணுயிர்க்கொல்லி பரிந்துரைத்த அளவைப்போல 38 மடங்கு. பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கைப் பழக்கமில்லாதவர் போட்டதில் வந்த பிழை. நம் 150 லிட்டர் படகுத் தொட்டியில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு என்றால் 15 மில்லிலிட்டர். 38 மடங்கு என்றால் அரை லிட்டருக்கும் மேல். கண்ணளவில் ஊற்றுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். மருந்துக்கு இடம் உண்டு. சுத்தம் செய்த பிறகு, மிச்சமிருக்கும் வித்துகளுக்காக.

அடுத்த ஆசை, தொட்டியைத் திறக்காமலே டீசலை வெளியே இழுத்து வடிகட்டித் திரும்ப விடுவது. இதைத் தொழிலாகவே செய்கிறார்கள். டீசலுக்கு மெருகேற்றுவது என்று பெயர். இதன் கணக்கும் சுவாரசியமானது. வடிகட்டி வந்த சுத்த டீசல் தொட்டிக்குள் அழுக்கு டீசலோடுதானே கலக்கிறது? ஆகவே தொட்டியின் கொள்ளளவு ஒரு முறை முழுதாகச் சுற்றி வந்தாலும் மிதக்கும் அழுக்கில் 37 சதவீதம் மிஞ்சும். மூன்று சுற்றுக்குப் பிறகு 5 சதவீதம். ஏழு சுற்று போனால்தான் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு வரும். ஒரு சுற்று ஓட்டிவிட்டுப் பில் நீட்டுகிறவரிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

தண்ணீரைச் சும்மா தெளியவிடலாமே என்றால், அதற்கும் துளியின் அளவு ஒத்துழைக்க வேண்டும். பிசுக்கான திரவத்தில் சிறு துளி மூழ்கும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் தந்த விதி. பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் விட்டமுள்ள நீர்த்துளி 30 சென்டிமீட்டர் டீசலைக் கடந்து அடி சேரச் சுமார் கால் மணி நேரம் போதும். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர், அதாவது 10 மைக்ரான் துளிக்கு ஒரு நாளுக்கும் மேல். ஒரு மைக்ரான் துளிக்கு மூன்று மாதத்துக்கும் மேல். பூஞ்சையின் சோப்பு வேலை எவ்வளவு விஷமத்தனமானது என்பது இப்போது புரியும்: துளியைப் பத்திலொன்றாக நறுக்கினால், தெளியும் நேரம் நூறு மடங்காகிறது.

மெருகேற்றுவதன் பெரிய குறை வேறு. மிதப்பது மட்டும்தான் பம்ப் வழியாக வரும். சுவரைப் பற்றியது சுவரிலேயே இருக்கும். நான் பார்த்தவரை இந்த விஷயத்தில் குறுக்கு வழி எதுவும் இல்லை. தொட்டியைத் திறந்து, கையை விட்டுத் துடைத்துத்தான் ஆக வேண்டும்.

திறப்பதுதான் கடினம். பழைய படகுகளில் தொட்டியை முதலில் வைத்துவிட்டு, அதைச் சுற்றி மேல்தளத்தைக் கட்டியிருப்பார்கள். வெளியே எடுக்க வேண்டுமானால் படகை அறுக்க வேண்டும். உள்ளே டீசல் சளப்பளவென்று அலைமோதாமல் இருக்கக் குறுக்குத் தடுப்புத் தகடுகள் இருக்கும். ஒவ்வொரு தடுப்பின் அடி மூலையிலும் திரவம் போய்வரச் சிறு வெட்டு உண்டு, கை போகாது. ஆகவே ஒரு திறப்பிலிருந்து ஓர் அறையைத்தான் சுத்தம் செய்ய முடியும். மூன்று அறை என்றால் மேல்தகட்டில் மூன்று கைத்திறப்புகள் வேண்டும், இல்லாவிட்டால் வெட்ட வேண்டும்.

வெட்டுவதற்கு முன் டீசலை முழுதாக இறைத்துவிட வேண்டும். டீசல் எளிதில் தீப்பிடிக்காது என்ற நம்பிக்கை பாதி உண்மை. அமெரிக்கத் தரத்தில் சாதாரண டீசலின் தீப்பற்று வெப்பநிலை குறைந்தது 52 டிகிரி. அதற்குக் கீழே அதன் ஆவி தீப்பிடிக்கும் அளவுக்குச் சேராது. ஆனால் மூடுபனிபோல் தெளித்த டீசல் அந்த விதிக்குக் கட்டுப்படாது. பொடித்துளிகளாகப் பறக்கும்போது குளிர்ந்த டீசலும் பற்றிக்கொள்ளும். அழுத்தத்தோடு டீசலைப் பீய்ச்சிச் சுவரைக் கழுவும் யோசனையில் இருக்கும் ஆபத்து அதுதான். பீய்ச்சும் வேகத்தில் நிலைமின்சாரமும் சேரும். கந்தகம் நீக்கிய டீசல் மின்சாரத்தைக் கடத்துவதில் இன்னும் மந்தம். குழாயையும் தொட்டியையும் கம்பியால் இணைத்துப் புவியிணைப்பு கொடுக்காமல் அதைத் தொடக் கூடாது. இன்னொரு பழைய கணக்கும் இருக்கிறது. 1947 முதல் 1984 வரை அமெரிக்காவில் பாய்மரப் படகுகளுக்கென்று யுனிவர்சல் நிறுவனம் செய்த அட்டாமிக் 4 என்ற எஞ்சின் பெட்ரோலில் ஓடுவது. சுமார் 40,000 விற்றது. அவற்றில் பல பின்னாளில் டீசலுக்கு வழிவிட்டன. படகின் பூர்வீகம் தெரியாதவர் தொட்டியில் ஒரு காலத்தில் பெட்ரோல் இருந்திருக்கலாம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். பொறி பறக்கும் அரவை எந்திரம் வேண்டாம். வட்ட ரம்பத்தை மெதுவாக ஓட்டி, பல்லில் கிரீஸ் தடவிக்கொண்டால் உலோகத் துருவல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். வாயில் ஒரு காற்றாடியை வைத்து ஆவியை வெளியேற்றுவதும், கீழறையில் தனியாக வேலை செய்யாமல் இருப்பதும் கட்டாயம்.

அதன்பிறகு நடப்பது சாதாரண வீட்டு வேலை. மரக்கரண்டியோ பிளாஸ்டிக் சுரண்டியோ கொண்டு சேற்றை வழித்து வாளியில் எடுப்பது, நைலான் தூரிகையால் தேய்ப்பது, கொஞ்சம் சுத்த டீசல் ஊற்றி அலசி இறைப்பது, பஞ்சு உதிராத துணியால் துடைப்பது, திரும்பவும் அதே. அலுமினியத் தொட்டிக்கு இரும்புக் கம்பித் தூரிகை ஆகாது. கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து, அங்கே அரிப்பு தொடங்கும். தடுப்புகளின் அடி மூலைகளில்தான் வித்துகள் பதுங்கும். விரலில் துணியைச் சுற்றி அந்த வெட்டுகளைத் துடைப்பதற்குப் பொறுமை வேண்டும். சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தண்ணீரை விரட்டத்தானே திறந்தோம். மிஞ்சிய சோப்பு பூஞ்சை செய்த வேலையையே தொடரும். அப்படிக் கழுவினால் முழுதாக உலர்த்தாமல் மூடக் கூடாது. உறிஞ்சு குழாயின் நுனியிலிருக்கும் வலையை இந்தச் சமயத்தில் வெட்டி எறிந்துவிடலாம். வடிகட்டுவதற்குக் கைக்கு எட்டும் இடத்தில் வடிகட்டி இருக்கிறது.

சுவர் சுத்தமானதும் டார்ச்சடித்துப் பார்த்தால்தான் தொட்டியின் ஆயுள் தெரியும். அலுமினியத்தின் அடியில் வெண்பொடி பூத்த குழிகளா, இரும்பில் அடுக்கடுக்காகத் துருவா என்று தேட வேண்டும். சேறு அடைத்திருந்த துளைகள் சேறு போனதும் ஒழுகத் தொடங்குவதுண்டு. திறப்புகளை மூட டீசல் தாங்கும் நைட்ரைல் ரப்பர் கேஸ்கெட் போட வேண்டும். இயற்கை ரப்பர் ஊறி உப்பிவிடும். பிறகு காற்றடைத்துச் சோதிப்பார்கள். சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு, அவ்வளவுதான் என்று அலட்சியமாக இருக்க முடியாது: ஒரு சதுர மீட்டர் தகட்டின்மேல் அது இரண்டு டன் விசை. டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை நேராக மாட்டினால் தொட்டி உப்பிப் பிளந்துவிடும். கைப்பம்பும் துல்லியமான அழுத்தமானியும் போதும்.

இத்தனை மெனக்கெடுவதன் காரணம் எஞ்சினின் மறுமுனையில் இருக்கிறது. பழைய எந்திரவகை இன்ஜெக்டர் 150 முதல் 200 பார் அழுத்தத்தில் திறப்பது. அந்த அழுத்தத்தைத் தரும் பம்பின் உலக்கைக்கும் உருளைக்கும் இடையே இருப்பது ஒன்றிரண்டு மைக்ரான் இடைவெளி. தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் என்று நினைத்துப் பார்த்தால் அங்கே ஒரு துகள் என்ன செய்யும் என்பது விளங்கும். ஒரு துளி தண்ணீரும் அங்கே துருவாக மாறும். ஆனாலும் முதல் வடிகட்டியிலேயே 2 மைக்ரான் தாளைப் போடுவது அவசரம். சுத்தம் செய்த பின் முதல் சில பயணங்களில் மிச்சசொச்சம் பெயர்ந்து வரும். 2 மைக்ரான் உடனே அடைத்துக்கொள்ளும். முதலில் 30 அல்லது 10, எஞ்சினில் பொருத்திய இரண்டாவதில் நுண்ணியது என்று படிப்படியாக வைப்பதே முறை. வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையே ஒரு வெற்றிடமானியைப் பொருத்தினால், அடைப்பு கூடக் கூட முள் ஏறுவதைப் பார்த்து, எஞ்சின் நிற்பதற்கு முன்பே தாளை மாற்றிவிடலாம். மாற்றியதும் ஏர் எடுக்க மறந்தால் வேறு விதமாக நிற்கும்.

மிஞ்சுவது, இறைத்து வைத்த பழைய டீசல். கண்ணாடிப் புட்டியில் ஊற்றி ஓரிரு நாள் வைத்து, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தெளிந்து, தேன் நிறத்துக்குள் இருந்தால், மேல்பங்கை வடிகட்டிப் புது டீசலோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து எரித்துவிடலாம். கறுத்து, வார்னிஷ் வாடை வந்தால் அதை எஞ்சினுக்குக் கொடுக்க வேண்டாம். அடியிலிருந்த சேறும் தண்ணீரும் துடைத்த துணிகளும் அபாயக் கழிவு என்ற கணக்கில் படகுத்துறையின் சேகரிப்பு இடத்துக்குப் போக வேண்டும். இருட்டில் கடலில் சாய்த்துவிட நினைப்பவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தண்ணீர்மேல் வானவில் நிறம் காட்டத் தொடங்கும் எண்ணெய்ப் படலத்தின் தடிமன் 0.3 மைக்ரான் அளவுதான். ஒரே ஒரு லிட்டர் டீசல் அந்தத் தடிமனுக்குப் பரவினால் 3,300 சதுர மீட்டர், முக்கால் ஏக்கருக்கும் மேல். அமெரிக்கச் சட்டப்படி நீரில் பளபளப்பு தெரிந்தாலே குற்றம். 26 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுகளில் எண்ணெய் கொட்டத் தடை என்ற அறிவிப்புப் பலகையை எஞ்சின் அறையில் ஒட்டியிருக்க வேண்டும் என்பதும் அங்கே விதி. பழைய படகுகளில் அந்தப் பலகையை, கை துடைத்த கறுப்பு ரேகைகளோடு, பெரும்பாலும் தொட்டிக்கு மேலேயே பார்க்கலாம்.